புதரில் நிற்கும் ராஜாங்கம்

ராஜாங்கத்தின் இடது கட்டைவிரல் ஸ்டீயரிங்கின் மேல் நடந்துகொண்டிருக்கிறது. டிராக்டர் ஓடவில்லை. இன்ஜினை அணைத்து ரொம்ப நேரமாகிறது. பின்னால் டிரைலரில் முட்ட முட்ட ஏற்றிய கரும்பு. முன்னால் கரும்பு ஏற்றிய இன்னொரு டிராக்டர், அதற்கு முன்னால் இன்னொன்று. இப்படியே வரிசை ஆலையின் எடைமேடை வரைக்கும் போகிறது. இவர் விரல் மட்டும் வலப்பக்கம் ஓர் இழுப்பு, மேலே ஒரு தள்ளு, திடீரென்று ஒரு பின்வாங்கல், மறுபடி ஒரு வட்டம் என்று எங்கேயோ போய்வந்துகொண்டிருக்கிறது. போன் டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏறி முடிகிற வரை வெறும் விரலால் நடந்து பார்ப்பது அவருடைய வழக்கம்.

சோற்றுத் தட்டின் முன்னாலும் அந்த விரல் அடங்காது. வலது கை குழம்பைப் பிசையும். இடது கட்டைவிரல் தொடைமேல் நடக்கும். "சோறு இந்தப் பக்கம், மனுசன் அந்தப் பக்கம்" என்பார் மனைவி ராதிகா. ரிஷிவந்தியம் கோயிலில் தீபாராதனை நேரத்தில் கூப்பிய கைக்குள்ளேயே கட்டைவிரல் நெளிவதைப் பார்த்துவிட்டு, "சாமி பாக்குதுங்க, கம்முனு இருங்க" என்று காதோடு திட்டியும் இருக்கிறார்.

ராஜாங்கத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம். சொந்த நிலம் கிடையாது. ராமசாமி என்கிற கரும்பு விவசாயியின் டிராக்டரை ஓட்டுகிறார். அரவைப் பருவம் வந்துவிட்டால், வெட்டிய கரும்பை மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. மீசைக்கு மட்டும் மை பூசுவார், தலைக்குப் பூசமாட்டார். கேட்டால், "தலையிலதான் துண்டு கட்டிக்கிறனே, அதுக்கு எதுக்கு மை?" என்பார். பீடி, சிகரெட் எதுவும் இல்லை. ஒரே கெட்ட பழக்கம் போன். அதையும் அவர் கெட்ட பழக்கம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

போனில் அவர் ஆடுவது ஐவர் ஆட்டம். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். இரண்டு கோட்டைகள். ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மூன்று ரோடுகள். ரோடுகளுக்கு நடுவே காடு, குறுக்கே ஓர் ஆறு. எதிரியின் கோட்டையை இடிப்பவர்கள் ஜெயித்தார்கள். நான்கு பேர் ரோடுகளில் நின்று மல்லுக்கட்டுவார்கள். ஐந்தாவது ஆளுக்கு ரோடு கிடையாது, அவருக்குக் காடு. காட்டிலுள்ள மிருகங்களை அடித்துத் தன் பலத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். எந்த ரோட்டில் நம் ஆள் திணறுகிறாரோ அங்கே போய்க் குதிக்க வேண்டும். வந்தால் நன்றி சொல்ல யாருக்கும் நேரமிருக்காது. வராவிட்டால் திட்டுவதற்கு எல்லோருக்கும் நேரமிருக்கும். அதனால் காட்டு வேலைக்கு யாரும் சீக்கிரத்தில் முன்வருவதில்லை.

ராஜாங்கம் முன்வந்தது ஆட்டம் தெரியாததால். கொரோனா காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது மகள் தனுஷாவின் குழுவில் ஒருவர் குறைந்தார். "சும்மா வந்து நில்லுப்பா, ஆள் கணக்குக்கு" என்று தன் பழைய போனை அப்பாவின் கையில் திணித்தாள். காட்டில் நிற்க வேண்டும் என்றதும், "காடு இன்னா நமக்குப் புதுசா?" என்று இறங்கிவிட்டார். முதல் ஒரு மாதம் எதிரிகளுக்கு வேலையே வைக்காமல் மிருகங்களிடமே அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார். தனுஷா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் வேறு ஆளைத் தேடவில்லை.

இன்றைக்கு அவர்கள் குழுவுக்கு 'லோடு வண்டி' என்று பெயர். கேப்டன் தனுஷா. நர்சிங் படித்து முடித்தவள், கீழ் ரோடு அவளுடையது. நடு ரோட்டுக்கு சுபாஷ். அவனும் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன்தான், பெரும்பாலும் வரிசையில் ராஜாங்கத்துக்குப் பின்னாலேயே நிற்பான். மேல் ரோட்டுக்கும் துணைக்கும் தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். ராஜாங்கத்துக்கு 'நரி' என்று ஒரு வீரன் உண்டு. இரண்டு கையிலும் கத்தி வைத்திருப்பான், சுவரைத் தாண்டி ஒரு தாவு தாவுவான். காட்டில் சிவப்பாக நிற்கும் பெரிய மிருகத்துக்கு ராஜாங்கம் வைத்த பெயர் செவலை. நீலமாக நிற்பது மயிலை. உழவு மாட்டுக்கு வைக்கிற பெயர்கள்தான். ஆற்றங்கரையில் படுத்திருக்கும் பூதம் 'பெரிசு'. அதற்குக் கடைசி அடி கொடுக்கும் குழுவில் ஐந்து பேருக்கும் பலம் ஏறும். இந்தப் பெயர்கள் இப்போது ஆலை வாசல் முழுக்கப் பரவிவிட்டன.

அவர் செவலையை அடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஓர் அடி, ஓர் எட்டு. மறுபடி ஓர் அடி, ஓர் எட்டு. மிருகம் துரத்திக்கொண்டே வரும். தான் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமாகவே அதை இழுத்துவருவார். அது விழும்போது அடுத்த மிருகத்துக்குப் பாதி வழி வந்திருப்பார். "நின்னு அடிச்சா என்னா, நடந்துக்கினே அடிச்சா என்னா, சாவறது செவலைதான? நேரம் மிச்சம் நமக்கு" என்பார். அளவுக்கு மீறி இழுத்தாலும் ஆபத்து. ஓர் எல்லைக்கு மேல் மிருகம் வராது. கோபித்துக்கொண்டு தன் இடத்துக்கே திரும்பிப் போய், பட்ட காயமெல்லாம் ஆறி, புதுசாக நிற்கும். அந்த எல்லை வெளியே கோடு போட்டுக் காட்டப்படுவதில்லை. ராஜாங்கத்தின் விரலுக்கு அது தெரியும்.

ஆற்றின் நடுவே அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. எப்போதும் சுவரோரம், சுவரை உரசிக்கொண்டு. "ஆத்துக்கு நடுவுல போவறதும், நான் வரேன்னு நோட்டீஸ் அடிச்சி ஒட்டறதும் ஒண்ணு." மேல் ரோட்டில் வேண்டுமென்றே தலையைக் காட்டுவார். பிறகு கீழே போகிறவர் போலக் காட்டுக்குள் நுழைவார். கீழ் ரோட்டு எதிரி பயந்து பின்வாங்குவான், மேல் ரோட்டு எதிரி தைரியமாக முன்னால் வருவான். இவர் எங்கேயும் போயிருக்கமாட்டார், அங்கேயே பக்கத்துப் புதரில் நிற்பார்.

தாவல் விஷயத்தில்தான் அவர் கறார். நரி ஒரு முறை தாவிவிட்டால் அடுத்த தாவலுக்குச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். எல்லா காட்டுக்காரர்களும் எதிரிமேல் பாய்வதற்குத்தான் தாவலைச் செலவழிப்பார்கள். ராஜாங்கம் நடந்தே உள்ளே போவார், திரும்பி வருவதற்குத் தாவலை வைத்துக்கொள்வார். "உள்ள போவ ஆயிரம் வழி கீது. வெளிய வர்றதுக்குத்தான் வழி வேணும்" என்பது அவர் கட்சி. சுபாஷ் சில சமயம் ஆத்திரத்தில், "தாவுண்ணே, தாவுண்ணே" என்று பின்னாலிருந்து கத்துவான். அண்ணன் நிதானமாக நடந்துகொண்டிருப்பார்.

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தாவலும் இல்லை, நடையும் இல்லை. புதர்தான். ஆட்டத்தில் புதருக்குள் நிற்கிற ஆள் எதிரியின் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனால் அங்கே சும்மா நிற்கும் பொறுமை யாருக்கும் வருவதில்லை. கை பரபரக்கும், வெளியே வந்து மாட்டிக்கொள்வார்கள். ராஜாங்கம் நிற்பார். எதிரி பக்கத்தில் வந்து போனாலும் நிற்பார். எதிரி திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்பார். எதிரணியினர் வெறுத்துப்போய், "இந்த ஆள் புதர்லயே குடும்பம் நடத்துறாரா?" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப் பொறுமை காக்கிற காட்டுக்காரரை மாவட்டத்தில் பார்த்ததில்லை என்று கள்ளக்குறிச்சி வரை பேச்சு.

அந்தப் பொறுமைக்குக் காரணம் ஆலை வரிசை. முன்னால் உள்ள டிராக்டர் நகர்ந்தால் இவரும் உடனே நகர வேண்டும். இடைவெளி விட்டால் பக்கத்தில் நிற்கிறவன் மூக்கை நுழைத்துவிடுவான். ஆட்டத்தை இடையில் நிறுத்தவும் முடியாது. ஆகவே வரிசை நகர்கிற போதெல்லாம் நரியைக் கிட்டத்தில் இருக்கும் புதருக்குள் தள்ளுவார், போனை மடியில் போடுவார், டிராக்டரைக் கிளப்பி இரண்டு வண்டி நீளம் ஓட்டுவார், நிறுத்துவார், போனை எடுப்பார். அதுவரை நரி புதரில் நிற்கும். எதிராளி அதைத் தந்திரம் என்று நினைத்து நடுங்கிக்கொண்டிருப்பான். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது வரிசைக்கு. வருடக்கணக்கில் இப்படி ஆடி ஆடி, முன்னால் எது நகர்ந்தாலும் நரியைப் புதரில் தள்ளிவிட்டு கியருக்குக் கையைக் கொண்டுபோவது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு குறை உண்டு. மகள் நிற்கிற கீழ் ரோட்டை விட்டு நகர அவருக்கு மனசு வராது. மேலே வீடு பற்றி எரிந்தாலும் அவர் கால் கீழே போகும். தனுஷாவின் பக்கம் எதிரி ஒரு கல்லை விட்டெறிந்தால் போதும், கையில் இருக்கும் மிருகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். "அண்ணே, உங்களுக்கு நாங்கள்லாம் மனுசனாத் தெரியலியா? எப்பப் பாரு பொண்ணு ரோட்டுலயே குந்திக்கினு இருக்கீங்க" என்று சுபாஷ் புலம்புவான். "அங்க ரெண்டு பேரு வந்துட்டானுங்கடா" என்பார். பெரும்பாலும் ஒருவன்தான் வந்திருப்பான்.

இந்தக் குறையைத் தனுஷா முதலில் சிரித்துக்கொண்டுதான் பொறுத்தாள். தீபாவளிக்குப் பிறகு அவளால் அப்படிப் பொறுக்க முடியவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பொங்கல் முடிந்து வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் ராஜாங்கம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏன், கள்ளக்குறிச்சியில ஆஸ்பத்திரியே இல்லியா? ஊசி எங்க போட்டாலும் ஊசிதான?"

"ஊசி போடறதுக்குப் போவலப்பா. ஐசியுல வேலை கத்துக்கணும். நான் அதுக்குத்தான படிச்சேன்."

"அங்க உனக்கு யாரு இருக்கா? ஒண்ணுன்னா ஓடியாற முடியுமா என்னால?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அப்பா சரி என்று சொல்லாமல் கிளம்பமாட்டேன், சொல்லும்வரை அப்பாவிடம் பேசவும் மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் அப்படியே அப்பனுடையது. பிறகு வீட்டில் இருவருக்கும் நடுவே பேச்சு இல்லை.

ஆட்டத்தை மட்டும் இருவரும் விடவில்லை. அவர் வாசலில் கட்டிலில் கிடப்பார், அவள் உள்ளே சுவரில் சாய்ந்திருப்பாள். இருவர் காதிலும் இயர்போன். "ஜங்கிளு, மேல போ" என்பாள் அவள். காட்டுக்காரருக்கு ஆட்டத்தில் அதுதான் பேர். அப்பா என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்திருந்தாள். "கீழ் ரோடு, பின்னால வா" என்பார் அவர். "ஒரே வூட்டுல இருந்துக்கினு போன்ல பேசிக்கிற அப்பனும் பொண்ணும் நம்ம வூட்டுலதான்" என்று ராதிகா இருவருக்கும் கேட்கும்படிச் சொல்வார். ஒரு நாளில் அவர்களுக்குள் நடக்கிற பேச்சு அவ்வளவுதான். அதற்காகவே ராஜாங்கம் ஆட்டம் முடிந்ததும் "இன்னொண்ணு போடலாமா?" என்று சுபாஷிடம் கேட்பார். மகளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்பார்.

இந்த நிலைமையில்தான் லோடு வண்டி மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பொங்கல் விடுமுறையில் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடும் இடத்தில் பத்து நாற்காலிகள், பின்னால் பெரிய திரை. ராஜாங்கம் வெள்ளை வேட்டி சட்டையில் போயிருந்தார். வாசலில் நின்ற பையன்கள் அவரை யாருடைய அப்பாவோ என்று நினைத்து, "பந்தி இல்லீங்க, கேம்தான்" என்றார்கள். "தெரியும், நான் ஜங்கிளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எதிரணி சின்னசேலத்துக்காரர்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிசை யார் எடுப்பது என்று ஆற்றங்கரையில் பத்து பேரும் கூடிய நேரம். திரை சரியாகத் தெரியவில்லை என்று பார்வையாளர்களில் முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கரகரவென்று முன்னால் இழுத்துப் போட்டார்கள். வரிசை நகர்ந்தது. ராஜாங்கம் நரியைப் புதருக்குள் தள்ளினார், போனை மடியில் போட்டார், இடது காலால் கிளட்சை மிதித்தார், வலது கையால் இல்லாத கியரைத் தேடினார். பக்கத்து நாற்காலியில் சுபாஷும் அதேபோலக் காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தான். இரண்டு டிரைவர்களும் தாங்கள் மண்டபத்தில் இருக்கிறோம் என்று தெளிந்து போனைக் கையில் எடுப்பதற்குள் பெரிசு எதிரிக்குப் போய்விட்டது, பின்னாலேயே ஆட்டமும் போய்விட்டது. மண்டபத்தில் ஒருவருக்கும் என்ன நடந்ததென்று புரியவில்லை. தனுஷாவுக்குப் புரிந்தது. ஒரு கணம் அவள் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"ஜங்கிளு, திரும்பி உக்காரு. சுபாஷு, நீயும்" என்றாள்.

நடத்துகிறவர்களிடம் கேட்டு, இருவர் நாற்காலியையும் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். இரண்டாவது ஆட்டத்தில் முன்வரிசை எவ்வளவு நகர்ந்தும் ராஜாங்கத்துக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டம் லோடு வண்டிக்கு.

மூன்றாவதில் சின்னசேலத்துக்காரர்கள் வேறு கணக்கோடு வந்தார்கள். ராஜாங்கத்தின் பழைய ஆட்டங்களை அவர்கள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். கீழ் ரோட்டில் தட்டினால் இந்த ஆள் ஓடிவருவார் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். இரண்டு முறை தட்டினார்கள், இரண்டு முறையும் ஓடினார். இரண்டு முறையும் மேல் ரோட்டில் ஒரு கோபுரம் இடிந்தது. செல்போன் கடை அண்ணன் வாய்க்குள் முனகினார். சுபாஷ் முனகக்கூட இல்லை.

பெரிசு எழுந்து நிற்கும் நேரம் வந்தது. ராஜாங்கம் நரியை ஆற்றோரப் புதரில் நிறுத்தியிருந்தார். மற்ற மூவரும் பக்கத்தில் மறைந்திருந்தார்கள். தனுஷா தன்னந்தனியாகக் கீழ் ரோட்டில். அப்போது எதிரிகளில் மூன்று பேர் ஒன்றாகக் கீழே இறங்குவது திரையில் தெரிந்தது. கூட்டம் ஹோவென்றது. மூன்று பேர் வந்தால் அவள் பிழைக்க வழியே இல்லை. ராஜாங்கத்தின் கட்டைவிரல் தானாகக் கீழ்ப்பக்கம் தள்ளியது. நரி புதரை விட்டு இரண்டு எட்டு வெளியே வந்துவிட்டது.

மறுபக்கத்து நாற்காலியில் இருந்த தனுஷா தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"வராதப்பா" என்றாள். "நான் பாத்துக்கறேன்."

அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் அப்பா என்று சொல்வது இதுதான் முதல் தடவை. ராஜாங்கத்துக்கு மண்டபத்து இரைச்சல் எல்லாம் அடங்கிப்போனது மாதிரி இருந்தது. ஓடிப் போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த விரலைப் பின்னால் இழுப்பதற்குப் பட்ட பாட்டை, முட்ட முட்ட ஏற்றிய லோடைப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றுவதற்குக்கூட அவர் பட்டதில்லை. இழுத்தார். நரி புதருக்குள் திரும்பி வந்து நின்றது.

அப்புறம் நடந்ததை அவர் ஓரக்கண்ணால்தான் பார்த்தார். தனுஷா ஓடினாள். நேராக ஓடவில்லை, அடித்துவிட்டு ஓர் எட்டு, அடித்துவிட்டு ஓர் எட்டு. மூன்று பேரையும் ஆற்றுக்கு எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டே போனாள். சுவரோரம் ஒட்டினாள். போகிறவள் போலப் போய், போகாமல் புதரில் நின்றாள். மூன்று பேரும் தேடிவிட்டுத் தாண்டிப் போனார்கள், திரும்பி வந்தார்கள். தன் வீரனுக்கும் இருந்த ஒரு தாவலைக் கடைசிவரை செலவழிக்காமல் வைத்திருந்து, பிடித்துவிட்டோம் என்று அவர்கள் நினைத்த நேரத்தில் ஒரு சுவரைத் தாண்டினாள். அந்த நடை யாருடையது என்று மண்டபத்தில் சுபாஷுக்குத் தெரிந்தது. ராஜாங்கத்துக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. தன் பெண் தன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று நினைத்ததும் அவருக்குக் கண் கரித்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கட்டைவிரலும் வேலையில் இருந்தன.

அவள் இழுத்துக் கொடுத்த நேரத்தில் நான்கு பேரும் பெரிசை அடித்துச் சாய்க்கும் கட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எதிரணிக் காட்டுக்காரன் கடைசி அடியைத் தட்டிப் பறிக்கச் சுவரைத் தாண்டிப் பாய்ந்து வந்தான். அவனுக்குத் தாவல் தீர்ந்துவிட்டது, திரும்பிப் போக வழி இல்லை. ராஜாங்கம் புதரிலிருந்து நடந்து வந்தார், நிதானமாக. அவனும் விழுந்தான், பெரிசும் விழுந்தது. அதே நேரத்தில் கீழ் ரோட்டில் தனுஷாவையும் வீழ்த்திவிட்டார்கள். ஆனால் அவளைத் துரத்திய மூன்று பேரும் வரைபடத்தின் வேறு மூலையில் இருந்தார்கள். அவர்கள் ஓடி வந்து சேருவதற்குள் லோடு வண்டி கோட்டையை இடித்துவிட்டது.

கோப்பையைத் தனுஷா வாங்கினாள். போட்டோவில் ராஜாங்கம் ஓரமாக, பாதி சுபாஷுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார்.

வீடு திரும்பும்போது மோட்டார் பைக்கில் அவர் முன்னால், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனுஷா பின்னால்.  தியாகதுருகம் கோட்டைமலை பின்னால் போனபிறகு ராஜாங்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"சென்னை ஆஸ்டல்ல சோறு இன்னா போடுவாங்க?"

 "நல்லாத்தான் போடுவாங்கப்பா" என்றாள்.  அவர் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.

"புளிக்கொழம்பு வைப்பாங்களா?"

"வைக்கலன்னா நானே வச்சிக்கறேன்."

வீட்டில் ராதிகாவிடம் அவர் எதையும் அறிவிக்கவில்லை. பரணிலிருந்து பெரிய பையை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காயப் போட்டார். ராதிகா அதைப் பார்த்தார், கோப்பையைக் கூடப் பார்க்காமல் மகளைக் கட்டிக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆலை மறுபடி ஓடத் தொடங்கிய வாரம் அவள் கிளம்பினாள். ராஜாங்கம் தன் இடத்துக்கு ஒரு மாற்று டிரைவரைச் சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வந்திருந்தார். ராதிகாவுக்கு உள்ளூர ஒரு பயம். "கண்டக்டர்கிட்டச் சொல்றேன், பக்கத்து சீட்டுக்காரங்ககிட்டச் சொல்றேன்னு ஏறி, அப்படியே சென்னைக்குப் போய்டப் போறாருடி உங்கப்பா" என்று மகளிடம் கிசுகிசுத்தார். அவர் பையை ஏற்றி, மேலே வைத்து, அது விழுமா என்று ஆட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். கண்டக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

தனுஷா ஜன்னலோரம் உட்கார்ந்து, "வெயில்ல நிக்காதப்பா" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு, நேரம் குறிக்கிறவர்களின் அறைச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். இன்ஜின் உறுமியது. ராதிகா கையாட்டிக்கொண்டே பேருந்தோடு கொஞ்ச தூரம் ஓடினார்.

பேருந்து பின்வாங்கி, திரும்பி, வாசலைத் தாண்டியது. ராஜாங்கம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. இடுப்பு வேட்டிமேல் ஊன்றியிருந்த இடது கையின் கட்டைவிரல் மட்டும் பேருந்து போன பக்கமாக ஒரு தள்ளு தள்ளி, கொஞ்ச தூரம் நடந்து போனது. பிறகு மெல்லப் பின்னால் வந்து, பழைய இடத்தில் நின்றுகொண்டது.